காற்றே அடிக்காத ரக்பி திடல்

போன சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் மலை டவுனான பிரிஞ்சாங்கில் ஒரு டிவி பெட்டி வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

திட்டியவர் செல்லையா. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, இப்போது கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். திட்டு விழுந்த இடம், ரஹீம் பாயின் சாப்பாட்டுக் கடை. காரணம்... ரக்பி!

திடலில் ஆடுவது அல்ல. பாய் கோலாலம்பூரிலிருந்து வாங்கி வந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஆடும் ரக்பி. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கிறது. டிவியோடு இணைத்து, கேசட்டைப் போட்டால் 'கீ... கீ...' என்று கத்தும். நாம் பால் போடாத தே ஓ ஒன்று குடித்து முடிக்கிற வரைக்கும் கத்தும். அப்புறம்தான் பச்சைத் திடல் தெரியும்.

"இதோ வந்துரும்ணே. அவசரப்படாதீங்க லா" என்றார் பாய்.

"என் பழைய லோரிகூட இதைவிட சீக்கிரம் ஸ்டார்ட் ஆவும் பாய்!"

செல்லையா எங்கள் ரக்பி டீமின் கேப்டன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, ஆள் போதவில்லை என்று லயத்துத் தொழிலாளி இளவட்டங்களையும் திடலில் இறக்கிவிட்டார். துரை ஊருக்குப் போய்விட்டார். ரக்பி எங்களோடு தங்கிவிட்டது. பதினைந்து பேர் சேர்ப்பது இந்த மலையில் நடக்கிற காரியமா? பக்கத்துக்குப் பத்துப் பேர்தான். வருஷா வருஷம் தீபாவளி முடிந்ததும் எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் ஓர் ஆட்டம். பாய் டவுனில் கடை வைத்திருந்தாலும் ஆடுவது எங்கள் பக்கம். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான நான் ஸ்கோர் எழுதுகிறவன்.

போன வருஷ ஆட்டம் முடிந்த கொஞ்ச நாளில், லோரியின் பின்கதவு கழன்று செல்லையாவின் வலது முழங்காலில் விழுந்தது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் திடல் பக்கம் தலைகாட்டுவதில்லை. லோரியைக்கூட சுற்றுவழியில் ஓட்டுகிறார் என்றால் பாருங்கள்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்து ஆட்டம். அவரை எப்படியாவது வரவைத்துவிட வேண்டும், ஓரத்தில் நின்றாலும் போதும் என்பது பாயின் தவிப்பு. கூப்பிட்டால், "நொண்டிய வேடிக்கை பார்க்கவா கூப்புடுறீங்க?" என்று ஒரே வெட்டு. ஆட்ட ஆசை திரும்பினால் வருவார் என்றுதான் இந்தக் கேசட்.

கேசட் ஆட்டத்தின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் தீக்குச்சி மாதிரி இருக்கிறார்கள். ஒருவனுக்கும் முகம் இல்லை. பந்தைப் பின்னால் கொடுத்தால் அது யாரிடம் போகிறது என்று கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது என்றால், இரண்டு தீக்குச்சிகள் சேர்ந்து ஒரு கட்டையாகிவிடும்... அவ்வளவுதான். இங்கிலாந்தில் ரக்பி வளர்ந்த கதையைப் படித்திருக்கிறேன். மழையும் சேறும் இல்லாமல் அந்தக் கதை ஒரு பக்கம் நகராது. இங்கே ஒரு பொட்டுச் சேறு கிடையாது. தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்? ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்டினால் முடிந்தது.

"என்னா பாய் இது, மாவாட்டுற மாரி இருக்கு!" என்றார் செல்லையா.

ஆனால்...

கொஞ்ச நேரத்தில் செல்லையாவின் தீக்குச்சி ஒன்று பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நான் டிவியை விட்டுவிட்டு செல்லையாவைப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தபடியே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்த வலது கால், மேசைக்கடியில் தரையை உதைக்கிறது. கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஓடிட்டேன் கிராணி!"

சொல்லுங்கள்... இதற்கு மேல் அந்தத் தீக்குச்சிகளிடம் என்ன குறை காண்பது?

அடுத்து, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தவர்களுக்குக் கூடுதல் புள்ளிக்காகக் கிடைக்கும் கோல் உதை. கம்பங்களுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி வரும். அதைத் திருப்பி பட்டனை அமுக்க வேண்டும். செல்லையா அம்பை இடது கம்பத்துக்கு வெளியே திருப்பினார். பந்தும் வெளியே போனது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்!

"நடுவுல அடிங்கண்ணே! கம்பம் கண்ணுக்குத் தெரியலையா?"

"நடுவுல அடிச்சா காத்து தள்ளிட்டுப் போயிரும் பாய்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் திடலுக்கு ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்துகொண்டே இருக்கும். பள்ளத்துப் பக்கக் கம்பத்துக்கு வெளியே உதைத்தால்தான் பந்து வளைந்து நடுவில் நுழையும். எப்போதாவது வரும் வெளியூர் டீம்கள் நேராக உதைத்து ஏமாறும்போது நாங்கள் விசிலடிப்போம். இப்போது செல்லையாவே வெளியூர்க்காரர் ஆகிவிட்டார்.

"இதுல காத்து இல்லையா பாய்?"

"டிவிக்குள்ள ஏதுண்ணே காத்து?"

"மூடுபனி?"

"அதுவும் இல்ல லா."

செல்லையா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "அதான் ஒருத்தன் பேரையும் ஒருத்தன் கூப்புட மாட்டேங்குறான். ஊமைப் பயலுங்க."

அவர் சொன்னது எங்கள் வழக்கம் ஒன்றை. பனி இறங்கினால், பந்து வைத்திருப்பவனுக்குப் பக்கத்து ஆள் தெரியமாட்டான். மேட்டோரம் பனி மெலிசாக இருக்கும். கேப்டன் அங்கே போய் நின்று, யார் எங்கே நிற்கிறான் என்று பேர் சொல்லிக் கூவுவார். அந்தக் குரலை நம்பிப் பந்தைத் தூக்கிப் போடுவோம். அப்படிக் கூவியே பெயர் வாங்கியவர் செல்லையா.

செல்லையா எழுந்து லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாய் முகம் தொங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதி. டவுன்காரர்கள் முந்தியிருந்தார்கள். நாங்கள் பயந்த மாதிரியே பனி இறங்கியது. பந்தோடு ஓடிய பாய் வெள்ளைக்குள் மறைந்துபோனார். எங்கள் பக்கம் கூவ ஆளில்லை...

"பாய்! வலது கைப் பக்கம் முத்து சும்மா நிக்கிறான்! போடுங்க!"

மேட்டிலிருந்து வந்தது குரல். லோரி ஹார்னே அதனிடம் தோற்றுவிடும். பாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் போட்டார். முத்து அதை வாங்கிப் போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தான்.

டவுன் கேப்டன் பாய்ந்து வந்தார். "டிரெஸ்ஸரய்யா! ஆடாத ஆளு வெளியிலேர்ந்து கூவுறாரு. இது நியாயமா?"

ரெஃப்ரி, எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யாருப்பா கூவுனது? இந்தப் பனியில எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

இனி கோல் உதை ஒன்றுதான் பாக்கி. உள்ளே போனால் ஜெயம். செல்லையா இல்லாததால் பாய்தான் உதைக்க வேண்டும். வாரம் முழுக்க டிவியில் பழகியவர் அல்லவா? நின்றார். பனி லேசாக விலகியதும் குறி பார்த்தார். கம்பங்களுக்கு நட்ட நடுவே, ஒரு நூல் பிசகாமல் உதைத்தார்.

"காத்து இருக்கு பாய்... காத்து!" என்று மேட்டிலிருந்து குரல் அலறியது.

காற்று பந்தை அள்ளிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் போட்டது.

தோற்றுப்போனோம். ஆனால் அடுத்த வருஷமும் மேட்டில் வந்து நிற்பதாகச் செல்லையா சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை... தீபாவளி மாசம் முழுக்க அந்தக் கேசட்டைப் பாய் கண்ணில் காட்டக் கூடாதாம்!