மாடியில் அடைத்த காற்றுக்குழாய்

திருத்தணியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். அவரை நான் பாவா என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். போன கோடை முழுக்க இரண்டு குடும்பமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம், கழிப்பறை நாற்றம்.

மேலே நாங்கள் தண்ணீர் ஊற்றினால் கீழே அவர்கள் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரம் குபுக் குபுக்கென்று கொப்பளிக்கும். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் நாறும். லாரியை வரவழைத்து செப்டிக் டேங்கைக் காலி செய்தும் பலனில்லை. நாங்கள் கண்டதையும் கழிப்பறையில் போடுகிறோம் என்றார் பாவா. கீழே மாவுத் தண்ணீரை ஊற்றி அடைத்துவிட்டார்கள் என்றார் என் கணவர். அதோடு பேச்சு நின்றது. கடைசியாக வந்த பிளம்பர், கீழே டைல்ஸைப் பெயர்த்துத்தான் பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை காலை சமையலுக்குப் புது எண்ணெய் டின்னைத் திறந்தேன். ஒரு மூலையில் ஓட்டை போட்டுச் சாய்த்ததும் எண்ணெய் குபுக் குபுக்கென்று திக்கித் திக்கி வந்தது. எதிர் மூலையிலும் ஓட்டை போட்டேன். காற்று உள்ளே போனதும் சத்தமில்லாமல் ஒழுகியது. கீழ்வீட்டுத் துவாரத்திலும் இதே சத்தம்தானே என்று தோன்றியது. எங்கள் கழிவுக்குழாய்க்குக் காற்று போகவில்லை, அவ்வளவுதான். டைல்ஸை உடைக்க வேண்டியதே இல்லை.

மொட்டைமாடிக்குப் போனேன். கழிவுக்குழாயின் காற்றுக்குழாய் பின்சுவரோடு ஏறி அங்கே ஆளுயரத்துக்கு நிற்கும். அதன் தலையில் இருந்த மூடியைக் காணோம். குரங்குகள்தான் பிடுங்கியிருக்கும். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்தேன். பக்கத்து விசைத்தறிக் கூடத்தின் கழிவு நூலையெல்லாம் சேர்த்து மைனா கட்டிய கூடு. முட்டையோ குஞ்சோ இல்லை. வளைத்த கம்பியால் கூட்டை இழுத்துப் போட்டேன். அதற்குக் கீழேயும் கம்பி எதிலோ முட்டியது.

குழாயின் மேல் துண்டு பசை போடாமல் செருகியிருந்தது. திருகினால் கழன்றுவிடும். ஆனால் அடித்துண்டை ஒருவர் அசையாமல் பிடிக்கவேண்டும். கணவர் அரக்கோணத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே கூப்பிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்க. குழாயப் புடிச்சிக்கணும்."

அவள் வெளியே வந்து அண்ணாந்து என்னைப் பார்த்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"இரு, அடுப்ப நிறுத்திட்டு வரேன்" என்றாள்.

அவள் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். துண்டு கழன்றது. தரையில் படுக்கவைத்து ஒட்டடைக் கம்பால் குத்தித் தள்ளினேன். டொக்கென்று வந்து விழுந்தது ஒரு தேங்காய் மூடி. கோயில் மலையில் யார் கையிலிருந்தோ பறித்துக்கொண்டு வந்த குரங்கு, தின்றது போக மீதியை எங்கள் குழாயில் போட்டிருக்கிறது. அளவெடுத்தது போல உள்ளே உட்கார்ந்துவிட்டது.

அக்கா சிரித்துச் சிரித்து முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கா இத்தினி நாளா மூஞ்சியத் திருப்பிகினு இருந்தோம்?"

குழாயைக் கழுவி மறுபடி செருகினோம். அவள் கீழே போய்க் காது கொடுத்து நிற்க, நான் மேலே வாளி வாளியாக ஊற்றினேன். எதுவும் கொப்பளிக்கவில்லை என்று கீழிருந்து குரல் வந்தது. பிளம்பருக்கு நானே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பாவா வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே கடைக்குப் போய்க் கம்பி வலை வாங்கிவந்து, ஏணி போட்டுத் தானே குழாயின் வாயில் கட்ட ஆரம்பித்தார். வலையை நாலைந்தாக மடித்து மூடுவதைப் பார்த்தேன்.

"பாவா, ஒரு மடிப்பு போதும். காத்து போவணும்."

"ஆங்" என்று பிரித்துக் கட்டினார்.

அந்த நேரம் ரயிலிறங்கி வந்த என் கணவர் மாடிக்கு ஏறிவந்தார். அண்ணன் ஏணியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மழைக்கு முன்னால் நானே ஏறி வலையைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். தெருவில் யார் வீட்டுக் குழாய் குபுக்கென்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.