ஆயிரம் மீட்டர் நூல்கண்டு

தையல்கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘இஞ்ச் அக்கா’. நேரில் சொன்னால் முறைப்பாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் மட்டும். கால் இஞ்ச் பிசகினாலும் முழுச் சட்டையையும் பிரித்து மறுபடி தைப்பாள். “பரவாயில்லக்கா, யாருக்குத் தெரியப் போகுது” என்று போட்டுக்கொள்கிறவரே சொன்னாலும் விடமாட்டாள். “எனக்குத் தெரியுமே. கழட்டுங்க” என்பாள். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைப் பார்த்தாலே தெருவில் பாதிப் பேருக்கு வயிறு உள்ளே போகும். யாருக்கு இடுப்பு எத்தனை ஏறியிருக்கிறது என்பதை அவள் கடை முழுக்கக் கேட்கும்படிதான் படிப்பாள்.

அவள் புருஷன் ஏரிப் பூங்காவில் பெயின்டர். ‘பூப்பறிக்காதீர்’, ‘நீரில் இறங்காதீர்’, ‘புல்லில் நடக்காதீர்’ என்று மனிதன் எதையெல்லாம் செய்யக்கூடாது என எழுதி எழுதியே தலை நரைத்தவர். வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லும் தைரியம் அவருக்கு இருந்ததில்லை. அந்த ஆசையைப் பலகையில் தீர்த்துக்கொண்டார் போல.

இரண்டு பேருக்கும் ஞாயிறு என்றால் ஏரிதான். மிதிபடகில் ஒரு சுற்று. அவள் மிதிப்பாள், அவர் மிதிப்பது போல் காலை வைத்துக்கொள்வார். பிறகு ஏரிக்கரைப் பாதையில் நடை. வருஷத்துக்கு ஒருமுறை பாதை முடிகிற இடத்தில் இருக்கும் மலைக்கு ஏறுவது. மலை உச்சியில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் மேல் நின்றால் ஏரி முழுசும் ஒரே பார்வையில் தெரியுமாம். அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று: ஒருமுறை மழை, ஒருமுறை மூடுபனி, ஒருமுறை அவருக்கு மூச்சு. கடைசி முறை பாறைக்கு நூறு படி இருக்கும்போது பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் போயிற்று.

ஆபரேஷன். அப்புறம் எட்டு மாசம் வீடு. தையல் மெஷினை மிதிக்க முடியாமல் கையால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நடக்கச் சொன்னார். “எவ்வளவு?” என்று கேட்டாள். “முடிஞ்ச அளவு” என்றார். முடிந்த அளவு என்று ஒரு அளவு உண்டா? அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஏரிக்கரைப் பாதையில் கிலோமீட்டருக்கு ஒரு மரக்கம்பம் நிற்கும். ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்தாவது மதகுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து திரும்பி நடக்க முடியாதவர்களைப் படகுக்காரர் ஏற்றிக்கொண்டு வாசலில் விடுவார். முதல் மாசம் அவளால் முதல் கம்பத்தைக்கூடத் தொட முடியவில்லை. பாதி தாண்டியதும் ஒரு புங்கமரம் வரும். அங்கே கால் நின்றுவிடும். மரத்தடியில் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் கம்பத்தையே பார்ப்பாள். கம்பமும் அவளையே பார்க்கும். ஒருநாள் ஊன்றுகோலைத் தூக்கி ஏரிக்குள் எறிந்தாள். மறுநாள் வேறு ஊன்றுகோல் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த வாரம்தான் கம்பங்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்க உத்தரவு வந்தது. பெயின்டர் ஐந்தையும் பிடுங்கி, பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுரண்டி, அடித்து, காயவைத்து, திரும்ப நட்டார். பளபளவென்று நின்றன. புதுப் பெயின்ட்டின் ராசியோ என்னவோ, பத்தே நாளில் அவள் முதல் கம்பத்தைத் தொட்டாள். வெயிலில் இளகியிருந்த மஞ்சள் கையில் ஒட்டியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தக் கையைச் சரியாகக் கழுவவில்லை.

அப்புறம் நிற்கவில்லை. இரண்டாவது கம்பம், மூன்றாவது கம்பம். நாலு மாசத்தில் ஐந்தாவது. அன்றைக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கம்பத்தைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். காவல்காரர் விசில் ஊதினார். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் “சபாஷ்” என்றார். தன்னிடம் படித்த பிள்ளைகளுக்கே அதைச் சொல்லாதவர்.

படகு மட்டும் மதகுப் படிக்கட்டுக்கு வராமல் சேற்றுக்கரையில் ஒரு பலகையைப் போட்டு நின்றது.

“ஏன் இங்க நிறுத்துற?” என்றாள்.

“படி உடைஞ்சு போச்சுக்கா” என்றார் படகுக்காரர், துடுப்பைப் பார்த்துக்கொண்டு.

சந்தோஷத்தில் இருப்பவள் அதற்குமேல் கேட்பாளா.

அடுத்த நாளே மலை நடைக்குப் பெயர் கொடுத்தாள். அவள் தங்கை போகிற நடைக்குழு அது. குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர், கண்டிப்பானவர். ஒரே ஒரு நிபந்தனை: நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வண்டி வராது, உட்கார்ந்தால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

“அஞ்சு நடந்துட்டேன் டாக்டர்” என்றாள் இவள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

வினை தங்கையின் போனில் வந்தது. நடந்தால் தூரம் காட்டுகிற போன். சனிக்கிழமை காலையில் உடன் நடந்த தங்கை, ஐந்தாவது கம்பத்தில் அதை நீட்டினாள்.

“அக்கா, மூணரைன்னு காட்டுது.”

“உன் போனுக்குக் கணக்கு வராது. உன்னை மாதிரியே.”

“போன் பொய் சொல்லாதுக்கா.”

“கம்பம் சொல்லுமா? அத்தான் நட்ட கம்பம்டி அது.”

இருவரும் வழி முழுக்கச் சண்டை. சின்ன வயதில் ஜன்னல் ஓர சீட்டுக்குப் போட்ட சண்டையின் பாக்கி அது. முடிவில் இவள் கடைக்குப் போய் ஒரு புது நூல்கண்டை எடுத்து வந்தாள். லேபிளில் ஆயிரம் மீட்டர் என்று அச்சடித்திருந்தது. இருபது வருஷமாக அதே கம்பெனி நூல். ஒரு முழம் குறைந்ததில்லை.

“முதல் கம்பத்துல கட்டுவோம். ரெண்டாவது கம்பத்துல நூல் தீரும். உன் போனை ஏரியில போடு அப்புறம்.”

நூல் நுனியை முதல் கம்பத்தில் கட்டினாள். கண்டை ஒரு குச்சியில் செருகி, சுழலவிட்டுக்கொண்டே நடந்தாள். ஓடுகிறவர்கள் தாண்டிக் குதித்தார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் நூலைக் கவ்விக்கொண்டு வந்தது; தங்கை அதனிடம் கெஞ்சி மீட்டாள். இரண்டாவது கம்பம் வந்தது. கையிலிருந்த கண்டு இன்னும் கொழுகொழுவென்று இருந்தது.

இவள் நின்றாள். கண்டைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள்.

“கம்பெனிக்காரன் கூடுதலா சுத்திட்டான்” என்றாள்.

தங்கை சிரிக்கவில்லை. “விக்கிறவன் குறைச்சுக் குடுப்பான்க்கா. கூடக் குடுத்தவனை நீ எங்க பார்த்த?”

இவள் நடந்தாள். நூல் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது கம்பத்துக்குப் பாதி வழி இருக்கும்போதுதான் தீர்ந்தது. வெறும் அட்டை கையில் நின்றது. முந்நூறு மீட்டர். எண்ண வேண்டிய அவசியம் இல்லை. தூரத்தைக் கண்ணாலேயே வெட்டத் தெரிந்தவள். கால் இஞ்சுக்குச் சட்டையைப் பிரிக்கிறவளுக்கு, கிலோமீட்டருக்கு முந்நூறு மீட்டர் குறைத்துத் தைத்திருந்தார்கள்.

தங்கை நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். இவள் திரும்பிப் பார்த்தாள். முதல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் புங்கமரம் நின்றது. முன்பெல்லாம் மரத்திலிருந்து கம்பத்தைப் பார்த்து அழுதாளே, அந்தக் கம்பம் மரத்தடிக்கு எப்போது வந்தது? நாலு மாசம் தினமும் கடந்திருக்கிறாள். கண்ணில் பட்டிருக்கிறது. மனசு எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்தைத் தொடுகிற அவசரத்தில் மரத்தை யார் பார்த்தார்கள்?

வாசலில் காவல்காரரிடம் கேட்டாள். “ஏன் அண்ணே, கம்பம் நகர்ந்திருக்கு?”

காவல்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். “நான் சொல்லலன்னு இருக்கட்டும்மா. உங்க வீட்டுக்காரருதான் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையைப் பிடிச்சாரு.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“தினம் நடக்கிறவங்க எல்லாருக்கும்மா. பேங்க் மேனேஜருக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அஞ்சு கிலோமீட்டரை முப்பத்தஞ்சு நிமிஷத்துல நடக்கிறேன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டாரு.”

அப்படியானால் கைதட்டிய அத்தனை கைகளுக்கும் தெரியும். சபாஷ் சொன்ன வாத்தியாருக்கும். விசிலுக்கும். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையில் கைவைத்து, “சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா” என்றாள்.

சாயங்காலம் பெயின்டர் கொல்லையில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். இவள் படியில் உட்கார்ந்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவராகச் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. தைத்த சட்டையை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்வாளே, அது மாதிரி.

“என்னங்க, நாளைக்கு மலை. ஆறு கிலோமீட்டர். ஏறிடுவேன் இல்ல?”

பிரஷ் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுழன்றது.

“தாராளமா ஏறுவ. அஞ்சு போனவளுக்கு ஆறு பெருசா?”

திரும்பாமலேயே சொன்னார்.

இவள் வெறும் அட்டையை அவர் பக்கத்தில் வைத்தாள். “இதுல ஆயிரம் மீட்டர் இருந்துச்சு. ரெண்டாவது கம்பத்தைத் தாண்டியும் ஓடுச்சு.”

அவர் அட்டையைப் பார்த்தார். மண்ணெண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

“நீ புங்கமரத்துல உட்கார்ந்து அந்தக் கம்பத்தைப் பார்த்துப் பார்த்து அழுவ. கோலைத் தூக்கி எறிஞ்ச. உன்னைத் தள்ள என்னால முடியல. கம்பத்தைத் தள்ளினேன்.”

“ஒண்ணைத்தானே தள்ளணும். அஞ்சையும் எதுக்கு?”

“ஒண்ணை மட்டும் தள்ளினா ரெண்டாவது தூரமாப் போயிடுமே. நீ மறுபடி அழுவியே.”

“சரி. நான் ரெண்டாவதைத் தொட்டப்போ சொல்லியிருக்கலாம். மூணாவதுல சொல்லியிருக்கலாம்.”

“உன் மூஞ்சியைப் பார்த்தா வரலம்மா.”

“இப்ப கேட்டேனே. இப்பவும் வரலையா?”

அவர் பிரஷை மறுபடி மண்ணெண்ணெயில் முக்கினார்.

“நாளைக்கு நான் மலையில பாதியில உட்கார்ந்திருந்தா, அங்க எந்தக் கம்பத்தைத் தூக்கிட்டு வந்திருப்பீங்க?”

இவள் எழுந்தாள். எழும்போது முழங்கால் நறுக்கென்றது.

“எல்லாரும் கைதட்டினாங்களே. அது எத்தனை மீட்டருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியல.”

பல் டாக்டருக்குத் தங்கையின் போனிலிருந்து இரண்டு வரி: நான் வரவில்லை, ஐந்து நடந்ததில்லை. அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை நடைக்குழு மலைக்குக் கிளம்பிப் போன பிறகு, இவள் ஐந்து புது நூல்கண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று ஒரே வார்த்தை சொன்னாள்: “மண்வெட்டி.”

பெயின்டர் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியெல்லாம் ஏதேதோ சொல்ல வாயெடுத்தார். இவள் நூலைத்தான் பார்த்தாள். பூங்கா வாசலில் நுனியைக் கட்டி, இழுபடாமல், தொய்யாமல் நடந்தாள். புங்கமரத்தடியில் நின்ற முதல் கம்பத்தைக் காட்டினாள். அவர் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கண்டு தீர்ந்த இடத்தைக் காலால் கீறிக் காட்டினாள். அவர் குழி தோண்டி நட்டார். அடுத்த கண்டு. எதிரே வந்த பேங்க் மேனேஜர், தன் ஐந்தாவது கிலோமீட்டர் தோளில் ஏறிப் போவதைப் பார்த்து, கைக்கடிகாரத்தை மெல்லச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். வாத்தியார் “அம்மா, நாங்க உன் நல்லதுக்குத்தான்” என்று ஆரம்பித்தார். இவள் “நூலை மிதிக்காதீங்க சார்” என்றாள்.

நாலாவது கண்டு தீர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பழைய ஐந்தாவது கம்பத்தின் குழி ஐந்நூறு மீட்டர் பின்னால் கிடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இத்தனை தூரம் நடந்ததே இல்லை. ஒருவரும் கைதட்டவில்லை. முழங்கால் வீங்கி விண்விண் என்றது. இன்னும் ஓரடி வைக்காது என்று அதற்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கரைக் கல்லில் உட்கார்ந்து படகுக்குக் கையசைத்தாள்.

படகுக்காரர் குற்றவாளி முகத்தோடு வந்தார். இவள் ஏறி, கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“மதகுப் படி ரிப்பேர் ஆயிடுச்சா?” என்றாள்.

அவர் துடுப்பைப் பார்த்தார். “அண்ணன் நிக்கிறாரேக்கா. ஏத்திக்கவா?”

கடைசிக் கண்டும் கடைசிக் கம்பமும் கரையில் பெயின்டரிடம் இருந்தன.

“அவருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கு. விடு.”

படகு நகர்ந்தது. இவள் தீர்ந்துபோன நாலாவது கண்டின் லேபிளை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு இடது தோள் ஆகாது. வருஷக்கணக்காகப் பலகை சுமந்ததில் வந்தது. கம்பத்தை எடுக்கும்போது அவசரத்தில் அந்தத் தோளில்தான் வைத்தார். படகில் ஏறும் முன் இவள் பார்த்திருந்தாள்.

திரும்பாமலேயே கேட்டாள். “தோளை மாத்திட்டாரா?”

படகுக்காரர் எட்டிப் பார்த்தார். “மாத்திட்டார்க்கா. நூலையும் பிடிச்சுக்கிட்டுத்தான் போறாரு.”

“தொய்யுதா?”

“இல்லக்கா. நேராத்தான் இருக்கு.”

“ம்” என்றாள். முதுகைத் திருப்பவில்லை.