நான் உதைத்த முதல் பந்து

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் பரந்தனில் என் அரிசி ஆலையைத் தெரியாதவர் இல்லை. எதையும் தீர விசாரித்தே செய்வேன். போர் முடிந்து சனம் திரும்பிவந்த பக்கத்து மீள்குடியேற்றக் கிராமத்துப் பிள்ளைகள் துணிப்பந்தை உதைப்பதைக் கண்டு, கால்பந்துகள் கொடுக்க நினைத்தபோதும் அப்படித்தான். “சின்னப் பிள்ளையளை வச்சுத் தைச்ச பந்து வேண்டாம்” என்று லண்டனிலுள்ள மகளிடம் சொல்லி, தைப்பவர்களுக்குச் சரியான கூலி கொடுக்கும் நியாய வணிகப் பந்துகளாகவே எடுப்பித்தேன்.

முதல் பந்தை நானே உதைத்தேன். எழுபது வயதானாலும் என் கால் இரும்பு. பந்து கோல் கம்பத்துக்கு மேலால் பறந்து புதர்ப் பற்றைக்குள் விழுந்தது. பிள்ளைகள் அசையவில்லை.

“என்ன பாக்கிறியள்? நான் எடுத்துத் தாறன்” என்று வேட்டியை மடித்துக்கொண்டு நடந்தேன்.

சின்னப்பெண் தர்சிகா ஓடிவந்து வேட்டியைப் பிடித்துத் தொங்கினாள். “ஐயா, போகாதேங்கோ! அங்கால மிதிவெடி!”

அப்போதுதான் செடிகொடி மூடிய சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டேன். எடுத்து வைத்த இரும்புக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“பந்து போனாப் போகட்டும், ஐயா. எங்களிட்டத் துணிப்பந்து இருக்கு” என்று தேற்றினாள்.

எங்கோ பந்து தைப்பவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தவன், இந்தப் பிள்ளைகள் ஓடும் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வெடி அகற்றுபவர்களிடம் கேட்டு, அந்தப் பக்கம் உயரமான வலை அடித்துக் கொடுத்தேன். இப்போது எந்த ஊருக்குப் பந்து கொடுத்தாலும், முதலில் அங்குள்ள பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றிப் பார்க்கிறேன்.

தர்சிகாவின் ஊரில் மட்டும் நான் உதைக்க முடியாது. “ஐயா, நீங்கள் கதிரையில இருங்கோ” என்பாள். இருக்கிறேன்.