கெசையா போடாமல் விட்ட ஓட்டு

கணவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது கெசையா ஓப்டைக்குக்கு முப்பத்தொரு வயது. ராரிட்டன் ஆற்றோரத்து ஆப்பிள் தோப்பும் மாடுகளும் அவள் பெயருக்கு வந்தன. கூடவே ஓட்டும் வந்தது. அந்தக் காலத்து நியூ ஜெர்சியில் சொத்துள்ள விதவை ஓட்டுப் போடலாம்; புருஷன் இருப்பவள் போட முடியாது. முதல் தடவை தேர்தல் நடந்த சத்திரத்துக்குப் போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவள், வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பிறகு மர ஆலைக்காரர் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தார். "கட்டிக்கிட்டா என் ஓட்டு போயிடுமே!" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பாதிதான் விளையாட்டு.

அவள் பண்ணையாள் சைலஸ் வரி கட்டினான், ஆனால் சொத்தில்லாததால் ஓட்டில்லை. "மாட்டுக்காரி எனக்கு உண்டு, கறக்கிற அவனுக்குக் கிடையாதா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் வாதாடுவாள். கட்சிக்காரர் கானவர்தான் அதிகம் மாட்டிக்கொள்வார். தேர்தல்தோறும் வண்டியோடு வந்து அவளை அழைத்துப்போகிறவர் அவர்.

1807 அக்டோபரில் அவர் வந்தபோது, முற்றத்தில் கொப்பரை நிறைய ஆப்பிள் பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்கம்மா, நேரமாச்சு."

"இப்ப விட்டா அடிப்பிடிச்சிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போங்க."

நவம்பரிலேயே சட்டம் மாறிவிட்டது. வரி கட்டும் வெள்ளைக்கார ஆண்களுக்கெல்லாம் ஓட்டு. பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் இனி இல்லை. கானவரும் அதை ஆதரித்துப் பேசினார் என்று கேள்விப்பட்டு, கெசையா அவர் வீட்டுக்கே போனாள்.

"சைலஸுக்குக் குடுங்கன்னுதானே கேட்டேன்? என்கிட்டேருந்து பிடுங்கவா சொன்னேன்?"

"பொம்பளைங்க பேர்ல கள்ள ஓட்டு ஜாஸ்தியாப் போச்சும்மா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்களே பாகுதான் முக்கியம்னு இருந்துட்டீங்களே?"

கெசையா எழுந்து வந்துவிட்டாள். தன் ஒரு சீட்டு எதையும் தடுத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கொப்பரையை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த தேர்தலில் கானவரே நின்றார். அன்று சைலஸ் சலவைச் சட்டையோடு வந்து நின்றான்.

"யாருக்குப் போடட்டும், சொல்லுங்கம்மா. உங்களுதா நெனச்சுப் போட்டுடறேன்."

ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "உன் ஓட்டு உன்னுது. போயிட்டு வா."

திரும்பி வந்தவனிடம், கேட்கக் கூடாது என்றிருந்தவள் கேட்டுவிட்டாள்.

"கானவருக்குத்தாம்மா. எனக்கு ஓட்டு வாங்கித் தந்தவராச்சே."

கெசையா பால் வாளியை எடுத்து நீட்டினாள்.

சில வருஷத்தில் சைலஸ் ஓஹையோவில் நிலம் வாங்கிப் போய்விட்டான். அவள் இன்னும் இருபது வருஷத்துக்குமேல் இருந்தாள், வரி தவறாமல் கட்டிக்கொண்டு. தேர்தல் நாட்களில் மட்டும் வண்டிச் சத்தம் எட்டாத தோப்பின் கடைக்கோடியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள்.