நிதி அதிகாரியின் எக்ஸ்ரே

திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் கிளார்க்காக இருந்தபோது, எங்கள் நிதி அதிகாரி கரமனைக்காரர். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சர்க்குலர். எதை வாங்கும் முன்பும் நேரில் சோதிக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். கட்டில் ஃபைல் வந்தால் படுத்துப் பார்ப்பார். தலையணை என்றால் மத்தியானம் முழுக்கச் சோதனைதான்.

ஒருநாள் மாதிரிக்குச் சக்கர நாற்காலி வந்தது. வராந்தாவில் அதில் ஏறி உட்கார்ந்தார். தள்ளுவதற்கு நான் ஆள் கூட்டிவருவதற்குள் காணாமல் போனார்.

ஒரு மணி நேரம் தேடி, எக்ஸ்ரே வரிசையில் கண்டுபிடித்தேன். புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர் கொண்டுவந்து விட்டிருக்கிறார். சுற்றிலும் நோயாளிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே பெஞ்சு கேட்டு வந்த ஃபைலை, ‘அவசியமில்லை’ என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

“நீங்க யாருன்னு சொல்லப்படாதா சார்?”

“சொன்னேனே! ‘ஃபினான்ஸ் ஆபீசரா? சரி சரி, பேடிக்கண்டா’ன்னு, பயந்த குழந்தைக்குச் சொல்றாப்பல பயப்படாதேன்னு தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டான்.”

“எழுந்து வந்திருக்கலாமே?”

“எப்படி எழுந்துக்கறது? உட்கார இடமில்லாம எத்தனை பேர் நிக்கறா பாரு. விட்டா இது திரும்பக் கிடைக்குமா?”

மறுநாளே பெஞ்சு ஃபைலில் கையெழுத்து விழுந்தது. ‘நேரில் சோதிக்கப்பட்டது’ என்று எழுதி, ஆதாரமாகத் தன் இடுப்பு எக்ஸ்ரேயையும் இணைத்திருந்தார்.

பிறகு வந்த ஆடிட்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார். டிக் அடித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.