எள்ளின் மேல் போட்ட பழி

எள்ளுருண்டை தின்றதால்தான் என் தங்கையின் கரு கலைந்தது என்று ஒரு கூட்டமே கூடி முடிவு கட்டிவிட்டது. உருண்டை பிடித்தவள் நான். அதைத் தூக்குவாளியில் போட்டு, கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். ஆகவே இந்த வழக்கில் நான் முதல் குற்றவாளி, தின்ற தங்கை இரண்டாவது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது.

அந்த எள்ளு குமராட்சிப் பக்கம் என் அண்ணன் நிலத்தில் விளைந்தது. சம்பா அறுத்த ஈரம் காய்வதற்குள் விதைத்துவிடுவார். நெல்லுக்குச் செய்கிற ஊழியத்தில் கால்வாசிகூட அதற்குச் செய்வதில்லை. அப்படியும் சித்திரை வெயிலில் வெள்ளையும் இளம் ஊதாவுமாகத் தலை கவிழ்ந்து பூத்து நிற்கும். பூவுக்குள் புகுந்த தேனீயின் பின்பக்கம் மட்டும் வெளியே தெரியும். காய் வெடிப்பதற்குள் அறுத்து, கட்டுக் கட்டாக நிறுத்திக் காயவைத்து, தார்ப்பாயில் தலைகீழாகத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வருசா வருசம் அதில் ஒரு மூட்டை வந்துவிடும். நான் செக்கில் கொடுத்து ஆட்டுவேன். எண்ணெயில் பாதி தங்கை வீட்டுக்குப் போகும்.

அந்த வீட்டில் புளிக்குழம்பு அந்த எண்ணெயில்தான் கொதிக்கிறது. இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றுவதும் அதுதான். சனிக்கிழமை தலை முழுகுவதும், வெந்தயம் போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தடவுவதும் அதுதான். போன வருசம் தங்கையின் நாத்தனார் மகள் வயசுக்கு வந்தபோது அவளுடைய மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிற அதே அம்மாள், எனக்கு போன் போட்டு, "ஒன் கையால எள்ளுருண்ட புடிச்சி அனுப்பும்மா. பொண்ணுக்கு இடுப்பு பலமாவணும், கர்ப்பப்பைக்கு அது மாதிரி வேற எதுவும் கெடையாது" என்று சொன்னார். பிடித்து அனுப்பினேன். அதே வாய்தான் இப்போது எள்ளு கர்ப்பத்தைக் கரைக்கும் என்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

தங்கைக்கு மூன்றாவது மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. "வெல்லம் போட்டு எள்ளுருண்ட புடிச்சியாந்தா தின்னுவேங்க்கா" என்று அவளே கேட்டாள். கொண்டுபோனேன். என் எதிரில் இரண்டு தின்றாள், வாந்தி வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். அடுத்த வாரம் உதிரப்போக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா தங்கையின் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தார். "கரு ஆரம்பத்துலயே சரியா உருவாகலம்மா. நீங்க சாப்பிட்டதோ நடந்ததோ இதுக்குக் காரணம் இல்ல" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் அறையை விட்டுப் போனதும் வராந்தாவில் அத்தை ஆரம்பித்தார். "நல்லாத்தான் இருந்துச்சி. இவ அக்காக்காரி எள்ளுருண்டய எடுத்தாந்து குடுத்தா. கரைஞ்சி பூடுச்சி." கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இதே கதைதான். எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது? பெற்றவளுக்கும் கட்டினவனுக்கும் இல்லாத அக்கறையோடு ஒருத்தி, "எள்ளு சூடாச்சே, சின்னப்புள்ளைக்குக்கூட தெரியுமே" என்றாள். தங்கையின் புருசனோ, அம்மா எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன். பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதம் முழுக்க அவன் பேக்கரியிலிருந்து பர்கர் வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த பன் மேல் ஒட்டியிருக்கிற வெள்ளை மணி என்னவாம், கற்கண்டா? அதை யாரும் கேட்கவில்லை. எண்ணெயாக இருந்தால் நல்லது, பன் மேலே இருந்தால் நாகரிகம், அக்காக்காரி கொண்டுவந்தால் மட்டும் விஷம்.

எல்லாவற்றையும்விட என் அம்மாவின் பேச்சுதான் என்னைச் சுட்டது. "ஒனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேல? வாழப்பழம் வாங்கினு போயிருக்கக் கூடாதா?" என்றாள். பெற்ற தாயே அப்படிச் சொன்ன பிறகு வேறு யாரிடம் போய் நியாயம் கேட்பது? அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஜாதகம் பார்த்தார்களாம், சனி பார்வையாம், எள்ளு விளக்கு போடவேண்டுமாம். சனிக்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு கோயிலுக்கு அத்தையும் தங்கையும் கிளம்பினார்கள். "நீயும் வாக்கா" என்று தங்கை கூப்பிட்டதால் போனேன். சனி சந்நிதி முன்னால் ஒரே கூட்டம். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, எண்ணெயில் நனைத்து அகலில் வைத்துக் கொளுத்துகிறார்கள். எண்ணெயும் எள்ளெண்ணெய், முடிச்சும் எள்ளு. தங்கை கையில் ஒரு முடிச்சைக் கொடுத்து, "செஞ்ச பாவம் போவட்டும்னு வேண்டிக்கோ" என்றார் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "என்னா பாவம் செஞ்சா அத்த அவ? வயித்துக்குள்ள போனா கொல பண்ற எள்ளு, அகல்ல எரிஞ்சா மட்டும் காப்பாத்துமா? ஒங்க பேத்திக்குக் கேட்டு வாங்கனீங்களே, அப்ப தெரியலியா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தங்கைதான் வாயைத் திறந்தாள். முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டு, "நெஜத்த சொல்லுக்கா. நான் தின்னதாலதானா?" என்றாள்.

டாக்டர் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து தலையை ஆட்டியவள்தான். ஒரு மாதமாக அந்த வீட்டில் சொல்லிச் சொல்லி, தன் பிள்ளையைத் தானே தின்றுவிட்டதாக அவளையே நம்ப வைத்திருந்தார்கள். "இல்லடி. டாக்டரு ஒன் மூஞ்சப் பாத்துத்தானே சொன்னாங்க? சரியா உருவாகாத கரு அது. நீ பட்டினி கெடந்திருந்தாலும் நின்னிருக்காதுடி. எள்ளால இல்ல, ஒன்னால இல்ல" என்றேன். அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

அத்தை மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "எனக்கும் மொதல்ல ஒண்ணு பூடுச்சி. பப்பாளி தின்னேன். ரெண்டே துண்டு, பழம்தான். எங்க மாமியாரு சாவுற வரைக்கும் சொல்லிக் காமிச்சாங்க. அதுலேருந்து நான் பப்பாளிய தொட்டதில்ல."

இந்த அம்மாளை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்னும் அதிகமானது. தனக்கு விழுந்த சூட்டை அப்படியே எடுத்து மருமகளுக்கு வைத்திருக்கிறாரே என்று ஒரு பக்கம். இவருக்குச் சூடு வைத்தவளைத் தேடிப் போனால் அவளுக்கு வைத்தவள் ஒருத்தி இருப்பாளே என்று இன்னொரு பக்கம். எள்ளு, பப்பாளி, அன்னாசி என்று விளைகிறதையெல்லாம் கூண்டில் ஏற்றினார்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண்ணை நிறுத்தினார்கள்.

தங்கை முடிச்சைக் கொளுத்தவில்லை. அதை என் பைக்குள் போட்டுவிட்டு அத்தையின் கையைப் பிடித்தாள். "டாக்டரு எனக்குச் சொன்னதுதான் அத்த ஒங்களுக்கும். நீங்க ஒண்ணும் பண்ணல."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மூன்று பிள்ளை பெற்று, பேத்தியும் எடுத்த அந்தப் பெரிய மனுசி, தங்கையிடம் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப, பப்பாளியால இல்லியாடி?"