பிணம் மூச்சு விடக் கூடாது

எங்கள் நாடகக் குழுவில் பிணமாக நடிக்க யாரும் முன்வர மாட்டார்கள். காரணம் நான்தான். திரை விழும்வரை செத்தவன் வயிறு அசையக் கூடாது என்பது என் சட்டம். அசைந்தால் ஒத்திகையிலேயே கத்துவேன். சாலை பஜார் கடைகளில் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு நடிக்க வருகிறவர்கள்கூட, "சாமி, வேற எந்த வேஷம் வேணாலும் தாங்க, பிணம் மட்டும் வேண்டாம்" என்று கும்பிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் எழுதிய ஒரு நாடகத்தில், கடைசிக் காட்சியில் மனைவி இறந்துபோவாள். கணவனாக நான். மனைவி, வீட்டிலும் மேடையிலும் ஒருத்தியே. அந்த வருஷம்தான் அவள் நிமோனியாவில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கழுத்துவரை போர்த்திய வெள்ளைப் போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று முனகியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தேறி வலியசாலை வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கதையை மாற்றினேன். நாடகத்திலும் மனைவி பிழைத்துக்கொண்டாள்.

அவள் படித்துப் பார்த்துவிட்டு நோட்டை என் மடியில் போட்டாள். எனக்குப் பயம் என்றால் அதை நாடகத்தின் தலையில் கட்டக் கூடாதாம். செத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளிடம் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? பழைய முடிவையே வைத்தேன்.

ஒத்திகை தொடங்கியதும் என் புத்தி எங்கே போகும்? ஞாயிறு மதியங்களில் அரிசிக் கடை மாடியில், மூட்டைகளை அடுக்கிக் கட்டிலாக்கி அவளைக் கிடத்தி, "வயிறு அசையறது, வயிறு அசையறது" என்று மூன்று மாதம் கத்தினேன். பாவி, ஒரு நாளாவது யோசித்தேனா?

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. அவள் கண்ணை மூடினாள். நான் மண்டியிட்டு வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அது அசையவே இல்லை. எனக்கு ஒரு பக்க வசனம் இருந்தது. ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.

"மூச்சு விடுடி," என்றேன். "உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், மூச்சு விடு."

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். வசனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் அப்போதும் அசையவில்லை. லைட் போடும் மலையாளி நண்பருக்குத்தான் என்னவோ பட்டிருக்கிறது, திரையை இறக்கச் சொல்லிவிட்டார்.

திரை விழுந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து, மேல்மூச்சு வாங்க என்னை முறைத்தாள்.

"மூணு மாசமா உயிரை வாங்கினேள். இன்னிக்குத்தான் ஒழுங்கா செத்தேன். அதையும் கெடுத்துட்டேளே."

குழுவினர் எல்லோருக்கும் முன்னால் குழந்தைபோல அழுதேன். அவளுக்கும் கோபம் போய்விட்டது.

மறுநாள் நோட்டை எடுத்து என் ஒரு பக்க வசனம் முழுவதையும் அடித்துவிட்டு, அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதினாள். பிறகு பல மேடைகளில் அந்த நாடகத்தைப் போட்டோம். நான் அந்த வரியைச் சொன்னதும் போர்வை ஒரே ஒரு முறை ஏறி இறங்கும். வேண்டுமென்றேதான் செய்தாள். ஒரு நாளும் நான் கத்தவில்லை.